காதில் விழாத இடி

இடிக்கடவுள் ஜூபிடரின் பூசாரி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதே கண்ணை மூடிவிட்டார் என்ற செய்தி வந்த காலையில், மாமெர்கஸ் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். மூட மறுத்த பெட்டி அது. உள்ளே சைப்ரஸ் தீவில் உடுத்துவதற்கான கோடைத் துணிகள் இருந்தன. தன் எடை மொத்தத்தையும் அவன் அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருந்தான். இரண்டு அடிமைகள் ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம், நல்ல மனுஷன்," என்றான் மாமெர்கஸ்.

பெட்டி மூடிக்கொண்டது. கயிற்றில் முடிச்சு விழுந்தது. அன்றைக்கு அவன் விருப்பப்படி நடந்த காரியம் அது ஒன்றுதான்.

மாமெர்கஸ் சீசருக்குச் சொந்தக்காரன். இதைச் சொன்னதும் ரோமில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். எந்த வழியில் சொந்தம் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். சீசரின் மாற்றாந்தாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருந்தாள். அவளுடைய கொழுந்தனின் பேரன் இவன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அடுத்த ஆளிடம் பேசப் போயிருப்பார். அரண்மனை விருந்துகளில் இவனுக்கு எப்போதும் இடம் உண்டு. அது பாத்திரங்கள் திரும்பி வரும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருமுறை சீசர் இவனிடம் நேரடியாகப் பேசியிருக்கிறார். "கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார். அந்த வருஷம் முழுக்க மாமெர்கஸ் அதைப் பலரிடம் சொன்னான். என்ன பேசினார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவனுக்குப் போன மாதம் ஓர் அதிசயம் நடந்தது. மாகாணங்களுக்குக் கருவூல அதிகாரிகளை அனுப்பச் சீட்டுக் குலுக்கினார்கள். குடத்துக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் சைப்ரஸ் என்று இருந்தது. சைப்ரஸில் ஆளுநருக்கு அடுத்தபடி இவன்தான். அங்கே மாற்றாந்தாயும் இல்லை, ஒன்றுவிட்ட தங்கையும் இல்லை. இவன் உள்ளே நுழைந்தால் நாற்காலிகள் பின்னுக்கு நகரும் சத்தம் கேட்கும். இவன் உட்காரும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அவன் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

செய்தி கொண்டுவந்த ஃபிலோ இன்னும் வாசற்படியிலேயே நின்றான். வீட்டுக் காரியஸ்தன், கிரேக்க அடிமை. பிள்ளை பிறந்ததையும் கூரை எரிந்ததையும் ஒரே முகத்தோடு சொல்லக்கூடியவன்.

"இன்னொண்ணும் பேசிக்கிறாங்க எசமான்."

"என்ன?"

"அடுத்த பூசாரிக்கு ஆள் தேடுறாங்களாம்."

"தேடட்டும்."

"கோதுமை அடைக் கல்யாணம் பண்ணின அப்பா அம்மாவுக்குப் பிறந்தவரா இருக்கணுமாம். அவரும் கோதுமை அடைக் கல்யாணமே பண்ணியிருக்கணுமாம்."

மாமெர்கஸ் பெட்டியிலிருந்து இறங்கினான்.

கோதுமை அடைக் கல்யாணம் என்பது பாட்டன் பூட்டன் காலத்து முறை. மணமகனும் மணமகளும் ஆட்டுத்தோல் விரித்த இருக்கையில் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்து, ஜூபிடரின் பூசாரி முன்னால் ஓர் அடையைப் பிட்டுத் தின்ன வேண்டும். பத்து சாட்சிகள் கொட்டாவி விட்டபடி பார்க்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் இதைச் செய்கிறார்கள்? மத்தியானம் கட்டிக்கொண்டு மறுவருஷம் அவிழ்த்துக்கொள்கிறார்கள். பெருமைப்பட வேறெதுவும் மிச்சமில்லாத பழைய குடும்பங்கள்தான் அடையைப் பிடித்துக்கொண்டு தொங்கின. மாமெர்கஸின் குடும்பம் இறுக்கமாகவே தொங்கியது.

"ஊர்ல இப்ப மூணே பேர்தான் தேறுவாங்களாம்," என்றான் ஃபிலோ. "நீங்க ஒருத்தர். வோபிஸ்கஸ் எசமான் ஒருத்தர். மூணாமவர் விடியறதுக்குள்ள ஸ்பெயினுக்குக் கிளம்பிட்டாராம். காத்து மாத்தத்துக்கு."

உள்ளேயிருந்து கிளோலியா வந்தாள். மாமெர்கஸின் மனைவி. கடல் வெயிலுக்கென்று வாங்கிய அகலமான வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பூசாரி ஆனா என்னென்ன கூடாது, ஃபிலோ?"

"குதிரை ஏறக்கூடாதும்மா."

"அவருக்குக் குதிரைன்னாலே பயம். அப்புறம்?"

"ஆயுதம் ஏந்தின படையைக் கண்ணால பார்க்கக்கூடாது."

"பார்த்தா மயங்கிடுவாரு. அப்புறம்?"

"மொச்சைக்கொட்டையைத் தொடக்கூடாது. பேரைக்கூடச் சொல்லக்கூடாது."

"அவருக்கு அது சேராது. என்னங்க, உங்களைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டே சட்டம் எழுதியிருக்காங்க போலிருக்கே."

"ரெண்டு ராத்திரிக்கு மேல ஊரைவிட்டு வெளியே தங்கக்கூடாது," என்றான் ஃபிலோ.

கிளோலியா தொப்பியைக் கழற்றினாள்.

"பூசாரியம்மாவுக்கும் இருக்கும்மா. ஏணியில மூணு படிக்கு மேல ஏறக்கூடாது."

"கப்பல்ல ஏற எத்தனை படி?"

"மூணுக்கு மேலதான்."

அடிமைகள் கயிற்றை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உடம்புல ஊனம் இருக்கக்கூடாதுன்னு ஒரு விதி உண்டே?" என்றாள் கிளோலியா.

"உண்டும்மா. முழு உடம்பா இருக்கணும்."

அவள் கணவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஒரு விரலை வெட்டிக்கோங்க."

"எந்த விரலை?"

"நீங்க உபயோகப்படுத்தாத விரலா பார்த்து. நெறைய இருக்கும்."

மாமெர்கஸ் சமையல்கட்டுக்குப் போனான். வீரர்களின் வம்சம் அவனுடையது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த முன்னோர்களின் மெழுகு முகங்களில் பாதிப்பேர் கார்த்தேஜ் போரில் ஏதாவது ஓர் உறுப்பை விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு சுண்டுவிரல் என்ன பெரிய விஷயம்?

"கத்தி கொடு," என்றான்.

"எதை வெட்டணும் எசமான்?" என்றான் சமையல்காரன்.

"விரலை."

சமையல்காரன் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"உன் விரல் இல்லடா. என்னுது."

அப்போதுதான் கத்தி வந்தது. மாமெர்கஸ் இடது சுண்டுவிரலைப் பலகைமேல் நீட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். சைப்ரஸை நினைத்தான். துறைமுகத்தில் தன்னை வரவேற்க நிற்கும் கூட்டத்தை நினைத்தான். நாற்காலிகள் நகர்ந்தன. கையை ஓங்கினான்.

"எசமான்," என்றான் சமையல்காரன் தணிந்த குரலில், "அது பூண்டு நறுக்கின கத்தி. காயத்துல பட்டா எரியும்."

"அப்ப கழுவிக் கொடு."

கத்தியைக் கழுவிக் கொண்டுவந்தான். அதற்குள் நாற்காலிகள் நின்றுவிட்டிருந்தன. மாமெர்கஸ் பலகையிலிருந்த ஒரு வெங்காயத்தாளை இரண்டாக வெட்டினான். அதை மிக நன்றாக வெட்டினான். பிறகு குளிக்கப் போய்விட்டான்.

பொதுக் குளியலறையில் வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு மூழ்கியபடி வோபிஸ்கஸ் உட்கார்ந்திருந்தான். மாமெர்கஸோடு ஒன்றாகப் படித்தவன். ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். வோபிஸ்கஸ் செருப்பு வாரை மாட்டிவிடவே வீட்டில் ஆள் வைத்திருந்தான்.

"வாடா பூசாரி," என்றான் வோபிஸ்கஸ்.

"நீதான்டா பூசாரி."

"எனக்குப் பொருந்தாது மச்சான். அந்தக் குல்லாயை நீ பார்த்திருக்கியா? உச்சியில குச்சி வச்சது. வட்ட மூஞ்சிக்காரன் போட்டா காளான் மாதிரி இருக்கும். உனக்கு நீளத் தலை. கடவுள் உன்னைச் செய்யும்போதே அளவெடுத்துத்தான் செஞ்சிருக்கான்."

"நான் சைப்ரஸுக்குப் போறேன்."

"சைப்ரஸ்!" என்றான் வோபிஸ்கஸ். அவன் பெயர் அந்த வருஷக் குலுக்கலில் வரவே இல்லை. "அங்க ஒயின் நல்லா இருக்குமாமே. ஆனா உன்னை விடமாட்டாங்கடா. கூர்க்குல்லாயை மாட்டிவிட்டு, தினமும் ஆட்டுக் குடலைப் பார்க்க விடுவாங்க."

இருவரும் கொஞ்ச நேரம் மாறிமாறி ஒருவரையொருவர் பூசாரி என்று திட்டிக்கொண்டார்கள். பேச்சோடு பேச்சாக மாமெர்கஸ் காலையில் நடந்ததைச் சொன்னான். சொல்லும்போதே நடித்துக் காட்டினான். சமையல்காரன் கையை ஒளித்ததையும், வெங்காயத்தாள் செத்ததையும் கேட்டு வோபிஸ்கஸ் தண்ணீரை அறைந்து அறைந்து சிரித்தான். அப்புறம் நடுவில் சிரிப்பை நிறுத்திவிட்டான். தண்ணீருக்குள்ளிருந்து தன் இடது கையை வெளியே எடுத்து, அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

அவன் ஏன் சிரிப்பை நிறுத்தினான் என்று மாமெர்கஸ் யோசித்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து எண்ணெய் தேய்ப்பவன் கூப்பிட்டான்.

சாயங்காலம் வீட்டில் கிளோலியா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு முடியில் சிக்கும்போதெல்லாம் வெறியோடு இழுத்தாள்.

"பூசாரி பொண்டாட்டி சில பண்டிகை நாள்ல தலை சீவக்கூடாதாம். ஃபிலோ சொன்னான். அதான் இப்பவே மொத்தமா சீவிக்கிறேன்," என்றாள். "விரல் என்னாச்சு?"

மாமெர்கஸ் கையைக் காட்டினான்.

"எல்லாமே இருக்கு," என்றாள் அவள், ஏமாற்றத்தை மறைக்காமல். மறுபடி சீவினாள். பிறகு சீப்பு பாதியில் நின்றது. "என்னங்க. நம்ம கல்யாணத்தன்னிக்கு இடி இடிச்சுதே, ஞாபகம் இருக்கா?"

மாமெர்கஸுக்கு ஞாபகம் இருந்தது. யாருக்குத்தான் இல்லை? இவன் அடையைப் பிட்டு வாயில் வைக்கப்போன நேரம், கூரைக்கு மேலே யாரோ வண்டியைக் கவிழ்த்ததுபோல் ஓர் இடி. அடைக் கல்யாணத்தின் நடுவே இடி விழுந்தால் கல்யாணம் செல்லாது. ஜூபிடரே வேண்டாம் என்கிறார் என்று அர்த்தம். அன்றைக்குப் பூசாரி கையை உயர்த்திச் சடங்கை நிறுத்திவிட்டு, மணமகனைப் பார்த்து, "ஏதாவது கேட்டதா?" என்றார். வீடே மாமெர்கஸின் முகத்தைப் பார்த்தது. மாமனாரின் முகம் வெண்ணெய்க்கட்டி நிறத்தில் இருந்தது. மாமெர்கஸ் நிமிர்ந்து, "எதுவும் கேக்கலையே" என்றான். அவ்வளவுதான், அடையைத் தின்றார்கள். ரோமில் வழக்கமே அதுதான். சகுனத்தைப் பார்த்தேன் என்று சொன்னால்தான் அது சகுனம். கெட்ட சகுனம் கண்ணில் படாமல் இருக்கப் பல்லக்கின் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு போருக்குப் போன தளபதிகள்கூட உண்டு. ஊர் அவர்களைப் புத்திசாலிகள் என்றது.

"எனக்கும் கேட்டுச்சு," என்றாள் கிளோலியா.

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"மூஞ்சியை மூடியிருந்தாங்க. மூஞ்சி மூடின பொண்ணைக் கேட்டா கல்யாணத்தை நிறுத்துவாங்க? இப்ப போய்ச் சொல்லுங்க. இடி இடிச்சுது, கல்யாணம் செல்லாது, அதனால நான் பூசாரிக்குத் தகுதி இல்லன்னு."

"அப்ப நாம புருஷன் பொண்டாட்டி இல்லன்னு ஆயிடுமே?"

"ஒரு நாளைக்குத்தானே. மறுநாள் எல்லாரும் கட்டிக்கிற மாதிரி சாதாரணமா கட்டிக்கலாம். ஊர் வழக்கப்படி கூட்டத்து மேல கொஞ்சம் வாதுமைக்கொட்டையை எறிஞ்சாப் போச்சு." அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டாள்: "இல்லன்னா நான் கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்க அவளுக்கு அவகாசம் தரக்கூடாது என்று மாமெர்கஸுக்குத் தோன்றியது. விடிந்ததும் சாட்சியைத் தேடிப் போனான்.

சாட்சி, கிளோலியாவின் பெரியப்பா வோலெசஸ். செனட்டில் எல்லா விவாதங்களிலும் தூங்குபவர், எல்லா வாக்கெடுப்புகளிலும் விழித்துக்கொள்பவர். காலை வணக்கம் சொல்ல வந்த கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு மாமெர்கஸ் அவர் காதருகே போய் விஷயத்தைச் சொன்னான். அவர் முகம் மலர்ந்தது.

"இடியா? அதை இடின்னு சொல்லாதீங்க மாப்ளே. வானம் பொளந்துச்சு! எதிர்வீட்டு ஓடு ரெண்டு சரிஞ்சு விழுந்துச்சு. என் பல்லு ஆடிப்போச்சு, இங்க பாருங்க, இந்தப் பல்லுதான்."

"அப்ப ஏன் பெரியப்பா யாருமே வாயத் திறக்கல?"

"பன்னி வெந்துக்கிட்டு இருந்துச்சே மாப்ளே. முழுப் பன்னி. கல்யாணத்தை நிறுத்தினா பன்னியை என்ன பண்றது?"

"பூசாரிங்க சபையில வந்து சொல்லுவீங்களா?"

"இத்தனை வருஷமா உள்ளயே வச்சிருந்து எனக்கு வயித்த வலிக்குது. கட்டாயம் சொல்றேன்."

மாமெர்கஸ் வீட்டுக்குத் திரும்பி மீதிப் பெட்டிகளையும் கட்டச் சொன்னான்.

பூசாரிகள் சபை கூடியது. தலைமை தாங்க வேண்டிய சீசர் கடலோர மாளிகையில் இருந்தார். அவருக்குப் பதிலாகப் பெரியவர் அட்ரட்டினஸ் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலிலும் கம்பளித்துணி சுற்றியிருந்தது. மற்ற பூசாரிகளும் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். நல்ல நாற்காலிகள்; ஒருவரும் அவற்றிலிருந்து எழுவதாயில்லை.

முதலில் வோபிஸ்கஸைக் கூப்பிட்டார்கள். அவன் மெதுவாக நடந்து வந்தான். இடது கை முழுக்கத் துணிக்கட்டு.

"என்னப்பா கையில?" என்றார் அட்ரட்டினஸ்.

"சீமைமாதுளம்பழம் நறுக்கினேன் பெரியவரே. சுண்டுவிரல் நுனி போயிடுச்சு."

"நறுக்க வீட்டுல ஆள் இல்லையா?"

"எனக்கு வீட்டு வேலைன்னா ரொம்ப ஆர்வம்."

செருப்பு வாரை மாட்டத் தெரியாதவன் இதைச் சொன்னான். சபை அனுதாபத்தோடு உச்சுக்கொட்டி அவனை நீக்கியது. திரும்பிப் போகும்போது அவன் மாமெர்கஸைப் பார்த்து, கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் உயர்த்தினான். நன்றி சொல்வதுபோல் இருந்தது. அது என் யோசனை என்று எழுந்து கத்த மாமெர்கஸுக்கு வாய்வரை வந்தது. கத்தினால் என்ன ஆகும்? யோசனைக்கு உரியவன் எல்லா விரலோடும் உட்கார்ந்திருப்பது இன்னும் பளிச்சென்று தெரியும். இடது கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டான்.

அடுத்தது இவன் முறை. இவன் இடியைப் பற்றிச் சொன்னான். வோலெசஸ் எழுந்து சாட்சி சொன்னார். ஓடு விழுந்ததைச் சொன்னார், பல் ஆடியதைச் சொன்னார். சபை கவனிப்பதைப் பார்த்து உற்சாகம் வந்து, வாசலில் கட்டியிருந்த கழுதை மயங்கி விழுந்ததையும், மணமகள் நடுங்கியதில் ஆட்டுத்தோல் கீழே சரிந்ததையும் சேர்த்துக்கொண்டார். அப்படி ஒரு இடியை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை என்று முடித்தார்.

அட்ரட்டினஸ் மாமெர்கஸ் பக்கம் திரும்பினார். "உனக்கும் கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சு பெரியவரே. ஜூபிடர் மேல சத்தியமா—"

"சத்தியம் பண்ணாதே, பண்ணாதே. ஜூபிடர் பூசாரி சத்தியம் பண்ணக்கூடாது. இப்பவே பழகிக்கோ."

"நான் இன்னும் பூசாரி ஆகலையே பெரியவரே."

"சரி, அதை விடு. அன்னிக்குப் பழைய பூசாரி உன்னைப் பார்த்து ஏதாவது கேட்டதான்னு கேட்டாரே. நீ என்ன சொன்னே?"

மாமெர்கஸ் தயங்கினான். "எதுவும் கேக்கலன்னு சொன்னேன்."

தூங்கிக்கொண்டிருந்த ஒரு பூசாரி கண்ணைத் திறந்தார். "யார்கிட்ட? அந்தாளுகிட்டயா? நேருக்கு நேரா?"

"ஆமா."

"கழுதை மயங்கி விழுந்த இடியை?" என்றார் அட்ரட்டினஸ்.

"கழுதை... ஆமா."

சபையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அட்ரட்டினஸின் கண்கள் பனித்துவிட்டன. கம்பளி சுற்றிய முழங்காலில் கையை ஊன்றி அவர் எழுந்து நிற்கவே முயற்சி செய்தார்.

"தம்பி, செத்துப்போனவரை நான் குறை சொல்லக்கூடாது. ஆனா அந்த மனுஷனுக்கு எல்லாமே கேட்டுச்சுப்பா. ஒரு எலி கீச்சுன்னா கேக்கும். யாகத்தை நிறுத்து, முதல்லேர்ந்து ஆரம்பின்னுடுவாரு. மறுபடி முடியப்போற நேரம் இன்னொரு எலி. வெறும் வயித்தோட, வெயில்ல, நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டு. ஒரு பண்டிகையை நாலு நாள் நடத்தினோம். எங்க முட்டியெல்லாம் பாரு." சபையில் எல்லோரும் முட்டியைத் தேய்த்தார்கள். "அந்தாள் முன்னாடி எனக்குக் கேக்கலன்னு சொல்ற தைரியம் எங்கள்ல ஒருத்தனுக்கும் வந்ததில்ல. நீ கல்யாண மாப்பிள்ளை. சின்னப் பையன். வானமே இறங்கி வந்து கத்துது. எதுவும் கேக்கலையேன்னுட்டு அடையைத் தின்னிருக்கே."

"இப்ப எனக்கு எல்லாம் கேக்குது பெரியவரே," என்றான் மாமெர்கஸ் அவசரமாக. "எலி, பூனை, எல்லாம். போன வாரம்கூட—"

"கேக்கட்டும்பா. வெளியில சொல்லாம இருந்தாப் போதும்."

"அப்ப என் கல்யாணம்? இடி விழுந்த கல்யாணம் செல்லாதே?"

"சகுனம் யார் எடுத்துக்கிறாங்களோ அவங்களுக்குத்தான். உனக்குக் கொடுத்தாங்க, நீ வேண்டாம்னுட்டே. வேண்டாம்னு விட்டதை இத்தனை வருஷம் கழிச்சு வந்து எடுத்துக்கிறேன்னா எப்படி? உன் கல்யாணம் நல்லாச் செல்லும். ரோம்ல இதைவிடச் செல்லுற கல்யாணமே கிடையாது."

மாமெர்கஸ்தான் பூசாரி என்ற முடிவை எல்லோரும் கைதூக்கி ஆமோதித்தார்கள். வோலெசஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "பார்த்தீங்களா மாப்ளே, என் சாட்சி எப்படி வேலை செஞ்சுது!"

வாசலில் வோபிஸ்கஸ் காத்திருந்தான். ஜூபிடரின் பூசாரி கடல் கடக்கக்கூடாது என்பதால் சைப்ரஸ் காலியாகிவிட்டது. கருவூலம் பார்க்கச் சுண்டுவிரல் நுனி தேவையில்லை. செனட்டில் அவன் மாமா ஏற்கெனவே பேசிவிட்டாராம். கப்பல் இந்த வாரமே ஓஸ்தியா துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது.

"மச்சான், தப்பா நினைச்சுக்காதே," என்றான் வோபிஸ்கஸ். "உன் பெட்டியெல்லாம் கட்டி ரெடியா இருக்காமே? எனக்குத் துணி அடுக்க நேரம் இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே..."

"முடியாது," என்றான் மாமெர்கஸ்.

ஆனால் வீட்டுக்குப் போனபோது பெட்டிகள் ஏற்கெனவே தெருவில் இருந்தன. ஃபிலோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"முடிச்சு எசமான்," என்றான். "பூசாரி வீட்டுக்குள்ள முடிச்சுப் போட்ட எதுவும் இருக்கக்கூடாதாம். சபையிலேர்ந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"அவிழ்த்து உள்ள வைக்க வேண்டியதுதானே?"

"இழுத்துப் பார்த்தோம். நீங்க உட்கார்ந்து கட்டினது. அவிழ மாட்டேங்குது."

அப்படியாக சைப்ரஸ் தீவின் புதிய கருவூல அதிகாரி மாமெர்கஸின் கோடைத் துணிகளோடு போய் இறங்கினான். நாற்காலிகள் நகர்ந்தன என்று பின்னால் கடிதம் எழுதியிருந்தான். இங்கே வந்து எழுந்து எழுந்து உட்கார்ந்து ஜனங்கள் தன்னைக் களைப்படையச் செய்கிறார்கள் என்று சலித்துக்கொண்டிருந்தான்.

பதவியேற்பு முடிந்த அன்று வெயில் சாயும் நேரம். மாமெர்கஸ் கூர்க்குல்லாயோடு படுக்கையறை வாசலில் நின்றான். குல்லாய் அவன் தலைக்கு மிக நன்றாகப் பொருந்தியிருந்தது. வழியெல்லாம் எல்லோரும் அதைச் சொன்னார்கள். உள்ளே இரண்டு அடிமைகள் கட்டிலின் கால்களுக்கு ஈரக் களிமண் பூசிக்கொண்டிருந்தார்கள். பூசாரியின் கட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும். கிளோலியா பூசாரியம்மாவுக்கென்று விதித்த மாதுளைக் குச்சியைத் தலையில் செருகிக்கொண்டு சுவரோரம் நின்று, தரையெல்லாம் மண்ணாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்கு ஃபிலோ, இதெல்லாம்?" என்றான் மாமெர்கஸ்.

"ஆயுசுக்கும் எசமான்."

"விலக முடியாதா?"

"முடியாது."

"இவளை விலக்கிட்டா?" என்றான், பிறகு அவளைப் பார்த்து, "சும்மா சட்டத்துக்குக் கேக்குறேன்."

"பூசாரி விவாகரத்துப் பண்ணக்கூடாது. ஒரே ஒரு வழிதான் இருக்கு." ஃபிலோ தொண்டையைச் செருமிக்கொண்டான், முகம் மாறவில்லை. "அம்மா காலமாயிட்டாங்கன்னா அன்னிக்கே பதவி போயிடும்."

களிமண் பூசிக்கொண்டிருந்தவர்கள் பூசுவதை நிறுத்தினார்கள்.

"நான் அப்படி எதுவும் நினைக்கல," என்றான் மாமெர்கஸ்.

"நினைச்சீங்கன்னு நான் சொல்லவே இல்லையே," என்றாள் கிளோலியா.

சாப்பாடு வந்தது. கோழிக்கறி, பருப்பு, ரொட்டி. அவள் தன் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கிக் கணவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க."

அவன் ஒரு துண்டு எடுத்து வாயருகே கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தினான்.

"ஃபிலோ, பூசாரி செத்துட்டா பூசாரியம்மா?"

"அவங்களுக்கும் அன்னிக்கே விடுதலை எசமான். எங்க வேணும்னாலும் போகலாம். எத்தனை படி வேணும்னாலும் ஏறலாம்."

மாமெர்கஸ் துண்டைத் தட்டில் வைத்தான். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு கவனமாக அவர்கள் பார்த்துக்கொண்டதில்லை. கோழி ஆறிக்கொண்டிருந்தது. கிளோலியாவின் உதடு துடித்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாதுளைக் குச்சி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். களிமண் அடிமைகளும் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

மாமெர்கஸுக்கும் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தவன் சட்டென்று மூடிக்கொண்டு, பூசாரி சிரிக்கலாமா என்று பார்த்து வரும்படி ஃபிலோவை அனுப்பினான். ஃபிலோ போய் வெகுநேரம் தேடிவிட்டு வந்து, விதிகளில் அதைப் பற்றி எதுவும் இல்லை, தாராளமாகச் சிரிக்கலாம் என்றான்.

அதற்குள் சிரிப்பு போய்விட்டிருந்தது.